கர்ப்பிணிகளுக்கு வெட்டு இல்லையே, பிரசவ வார்டை ஏன் மூடுறாங்க? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பேச்சுல மெடிகேர் வேற, மெடிக்கெய்ட் வேறன்னு பிரிச்சுப் பார்த்தோம். ரெண்டும் அமெரிக்காவுல அரசு தர்ற மருத்துவ இன்சூரன்ஸ்; முதியவங்களுக்கு மெடிகேர், வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு மெடிக்கெய்ட். அதை மறுபடி சொல்லல. ஆனா அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுல உட்கார்ந்துகிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. அதை முதல்ல எடுத்துக்கறேன். வாசிக்கிறேன், கேளுங்க.

"சார், நாங்க அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர்ல இருக்கோம். கணவருக்குக் கம்பெனி இன்சூரன்ஸ். எங்களுக்கும் மெடிக்கெய்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 2025ல வந்த புதுச் சட்டத்துல, மெடிக்கெய்ட் வேணும்னா வேலை பார்க்கணும்ங்கற நிபந்தனை கர்ப்பிணிகளுக்கு இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. ஆனா எங்க ஊர் ஆஸ்பத்திரி பிரசவ வார்டை மூடப் போகுதாம், மெடிக்கெய்ட் வெட்டுதான் காரணமாம். இது சாக்குதானே?"

சகோதரி, உங்க ஆஸ்பத்திரி சாக்குச் சொல்லுதா இல்லையான்னு கணக்கைப் பார்க்காம சொல்ல முடியாது. அந்தக் கணக்கை எங்க பார்க்கறதுன்னு கடைசியில சொல்றேன். ஆனா நீங்க கேட்ட முடிச்சு நிஜமான முடிச்சு. கர்ப்பிணிகளுக்கு வெட்டு இல்லை, வார்டு மட்டும் மூடுது, எப்படி? வெட்டு விழற இடம் ஒண்ணு, கதவு மூடற இடம் இன்னொண்ணு. இன்னைக்கு நான் சொல்லப் போறது எல்லாமே இந்த ஒரு வரிதான்.

நிலைச் செலவு, அதாவது நோயாளி வந்தாலும் வராட்டாலும் ஆகிற செலவு பத்தி முன்னாடியே பேசியிருக்கோம். தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு அலுத்துப் போயிருக்கும், பரவாயில்ல, மறுபடி போடறேன். ஒரு பிரசவ வார்டு திறந்து இருக்கணும்னா எந்த நேரமும் குறைஞ்சது ரெண்டு நர்ஸ் இருந்தாகணும். தாய்க்கு ஒருத்தர், குழந்தைக்கு ஒருத்தர். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ரெண்டு பேருக்கு 17,520. ஒரு முழுநேர நர்ஸுக்கு வருஷத்துக்கு 2,080 மணி நேரச் சம்பளம், அதுல லீவு, பயிற்சி எல்லாம் போக வார்டுல நிக்கிறது 1,800 மணி நேரம்னு வச்சுக்குங்க. அப்போ வார்டைத் திறந்து வைக்கவே ஏறக்குறைய 10 நர்ஸ் வேணும். ஒரு பிரசவம் கூட நடக்காத வாரத்துலயும் வேணும். இதுக்கு மேல, அவசர சிசேரியன் பண்ண டாக்டர், மயக்க மருந்து கொடுக்கறவர், ஆபரேஷன் தியேட்டர் ஆள், எல்லாரும் கூப்பிட்டா அரை மணிக்குள்ள வர்ற தூரத்துல இருக்கணும். வீட்ல தூங்கிட்டு இருந்தாலும் அந்தக் காத்திருப்புக்கும் காசு உண்டு.

இப்போ வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 400 பிரசவம் நடந்தா ஒரு பிரசவத்துக்கு 44 நர்ஸ் மணி. 200 பிரசவம்னா 88. வேலை பாதியா குறைஞ்சது, செலவு குறையல. ஊர்ல குழந்தை பிறக்கறது குறையக் குறைய ஒவ்வொரு குழந்தையும் ஆஸ்பத்திரிக்கு விலை ஏறிக்கிட்டே போகுது. காலிப் படுக்கைக்கும் சம்பளம் உண்டு. அதான் நான் எப்பவும் சொல்றது.

இந்தச் செலவுக்கு வருமானம் எங்கிருந்து? அமெரிக்கா முழுக்கப் பத்துல நாலு பிரசவத்துக்குப் பணம் கொடுக்கறது மெடிக்கெய்ட். கிராமப்புறத்துல கிட்டத்தட்டப் பாதி. தனியார் இன்சூரன்ஸ் கொடுக்கறதை விட ரொம்பக் கம்மியாத்தான் கொடுக்குது. அதனால சின்ன ஊர்ல பிரசவ வார்டுங்கறது வெட்டு வர்றதுக்கு முன்னாடியே நஷ்டத்துல ஓடற வார்டு. கிராமப்புற ஆஸ்பத்திரிகள்ல பாதிக்கு மேல 2022லயே பிரசவம் பார்க்கறது இல்ல. இதுக்கு எல்லாம் 2025 சட்டத்தைக் குற்றம் சொன்னா அது நேர்மை இல்ல.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளைக் காப்பாத்தறதுக்குன்னே 1997ல ஒரு தனி வகை கொண்டு வந்தாங்க. 25 படுக்கைக்கு மேல கூடாது, அடுத்த ஆஸ்பத்திரி பொதுவா 35 மைல் தள்ளி இருக்கணும், நோயாளி சராசரியா 96 மணி நேரத்துக்கு மேல தங்கக் கூடாது. பதிலுக்கு, மெடிகேர் அவங்களுக்கு ஆன செலவுல 101 சதவீதம் கொடுக்கும். கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? ஆனா ஒவ்வொரு பிரிவுலயும் மெடிகேர் நோயாளிகள் எந்த அளவு பயன்படுத்தினாங்களோ அந்த அளவுக்குத்தான் அந்தச் செலவு திரும்பி வரும். மெடிகேர் நோயாளிகள் யாரு? பெரும்பாலும் 65 வயசு தாண்டினவங்க. பிரசவ வார்டுல அவங்களுக்கு என்ன வேலை? ஸ்கேன் அறைச் செலவுல ஒரு பெரும் பங்கு திரும்பி வரும், பிரசவ வார்டுச் செலவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது. ஆஸ்பத்திரி கணக்காளர் பார்வையில பிரசவ வார்டு ஒரு அனாதை.

அப்போ இத்தனை நாள் அதை யார் தாங்கினது? மத்த பிரிவுகள். பித்தப்பை ஆபரேஷன், முழங்கால், ஸ்கேன், லேப். அந்தப் பிரிவுகளுக்கு வர்ற நடுவயசு ஆட்களோட இன்சூரன்ஸ். அங்கதான் இப்போ வெட்டு விழுது.

யார் அந்த ஆட்கள்? மெடிக்கெய்ட் 1965ல வந்தப்போ ஏழையா இருந்தா மட்டும் போதாது. குழந்தையா, கர்ப்பிணியா, மாற்றுத்திறனாளியா, முதியவரா, குழந்தை வளர்க்கிற பெற்றோரா இருக்கணும். சும்மா வருமானம் கம்மியான 40 வயசு ஆளுக்கு இடம் இல்ல. ஒபாமாகேர்னு சொல்ற 2010 சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. வறுமைக் கோட்டுல 138 சதவீதம் வரைக்கும் வருமானம் உள்ள எல்லாப் பெரியவங்களும் வரலாம், செலவுல 90 சதவீதம் மத்திய அரசு கொடுக்கும். 2012ல உச்ச நீதிமன்றம் இது மாநிலங்களோட விருப்பம்னு சொல்லிருச்சு. 2014ல இருந்து ஒவ்வொண்ணா சேர்ந்து இன்னைக்கு 40 மாநிலங்கள் உள்ள இருக்கு. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா எல்லாம் வெளிய. இப்படிப் புதுசா வந்தவங்களைத்தான் விரிவாக்கப் பெரியவங்கன்னு சொல்றாங்க.

2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டம் குறி வைக்கறது பெரும்பாலும் இவங்களை. 19ல இருந்து 64 வயசு வரைக்கும், மாசம் 80 மணி நேரம் வேலையோ, சமூக சேவையோ, பயிற்சியோ, பாதி நேரப் படிப்போ காட்டணும். இல்லைன்னா மாசம் 580 டாலர் வருமானம் காட்டணும். அது 80 மணி நேரத்துக்கான குறைஞ்சபட்சக் கூலி, மணிக்கு 7 டாலர் 25 செண்ட். 2027 ஜனவரி 1க்குள்ள மாநிலங்கள் தொடங்கணும், முன்னாடியே தொடங்கவும் இடம் இருக்கு. கர்ப்பிணிகள், 13 வயசு வரைக்கும் குழந்தை வச்சிருக்கிறவங்க, கடும் நோய் உள்ளவங்களுக்கு விலக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை நடந்த தகுதிச் சோதனை இவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. சட்டம் முழுக்கச் சேர்த்து, பத்து வருஷத்துல மெடிக்கெய்டுக்குப் போற மத்திய அரசுப் பணம் சுமார் 911 பில்லியன் டாலர் குறையும்னு காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகக் கணக்கை வச்சுச் சொல்றாங்க. இந்தச் சட்டத்தால 2034ல சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலா இன்சூரன்ஸ் இல்லாம இருப்பாங்கன்னு அதே அலுவலகம் சொல்லுது.

வேலை செய்யாதவன் தானே போறான்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. அதுக்கு ஆர்கன்சா மாநிலத்தைப் பாருங்க. 2018ல அங்க இதே மாதிரி நிபந்தனை கொண்டு வந்தாங்க. சில மாசத்துலயே 18,000 பேருக்கு மேல வெளிய போயிட்டாங்க. 2019 மார்ச்ல நீதிமன்றம் நிறுத்திருச்சு. போனவங்க எல்லாரும் சும்மா இருந்தவங்களா? பின்னால ஆய்வு பண்ணிப் பார்த்தா, நிபந்தனைக்கு உட்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஏற்கெனவே வேலை பார்த்துட்டு இருந்தாங்க, இல்லைன்னா விலக்குக்குத் தகுதியானவங்க. ஆரம்பத்துல மணிக்கணக்கை இணையத்துல மட்டும்தான் பதியணும். அந்த இணையதளத்தை ராத்திரி 9 மணிக்கு மூடிருவாங்க. இணையதளத்தைக் கடை மாதிரி ஷட்டர் போட்டு மூடினது அங்கதான். பகல் முழுக்க வேலை பார்த்துட்டு வர்றவன் எப்போ பதிவான்?

2023லயும் இதே கதை. கொரோனா காலத்துல யாரையும் நீக்கக் கூடாதுன்னு இருந்த விதி 2023 மார்ச் 31ஓட முடிஞ்சது. அதுக்கப்புறம் நடந்த சோதனையில நாடு முழுக்க 2.5 கோடிப் பேருக்கு மேல நீக்கினாங்க. அதுல பத்துல ஏழு பேரைத் தகுதி இல்லைன்னு கண்டுபிடிச்சு நீக்கல. படிவம் திரும்பி வரல, முகவரி மாறிடுச்சு, ஏதோ ஒரு காகிதம் குறைஞ்சது, இந்த வகை. அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு சோதனைங்கறது எனக்கு வேலை நிபந்தனையை விடப் பெரிய விஷயமாப் படுது. செய்தியில இதைப் பத்திப் பேச்சே இல்ல.

சரி, மெடிக்கெய்ட் அட்டை போன ஆள் நோயாளி ஆகாம இருப்பாரா? நெஞ்சு வலி வந்தா வருவார். 1986ல வந்த சட்டப்படி எமர்ஜென்சிக்கு வந்தவரை, காசு இருக்கா இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டுத் தாமதிக்காம பரிசோதிக்கணும், நிலைப்படுத்தணும். நல்ல சட்டம். ஆனா அதுக்கு யார் காசு கொடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லல. இப்போ பில்லிங் அறைக்குள்ள போய்ப் பாருங்க. க்ளெய்ம் அனுப்பறாங்க. சேவை தேதியில தகுதி இல்லைன்னு திரும்பி வருது. அந்தத் தொகை நோயாளி பேர்ல மாறுது. மாசம் 1,500 டாலர் சம்பாதிக்கிறவர் பேர்ல 40,000 டாலர் பில். வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கடிதம் போகும், போன் போகும், வசூல் ஏஜென்சிக்குப் போகும், கடைசியில வாராக் கடன்னு எழுதுவாங்க. ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் ஏற்கெனவே போயாச்சு. டென்னசியும் மிசௌரியும் 2005ல பெரிய அளவுல ஆட்களை நீக்கினதை வச்சுப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. கூடுதலா ஒருத்தர் இன்சூரன்ஸ் இல்லாம ஆனா, அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வருஷத்துக்குச் சுமார் 900 டாலர் வராத பணம். ஒரு மாவட்டத்துல 2,000 பேர் நீங்கினா 18 லட்சம் டாலர். ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அது ஒரு வார்டு.

பின்தேதிப் பாதுகாப்புன்னு ஒண்ணு இருந்தது, அதையும் குறைச்சிருக்காங்க. விண்ணப்பிக்கிற மாசத்துக்கு முன்னாடி மூணு மாசச் செலவையும் மெடிக்கெய்ட் ஏத்துக்கும், அப்போ தகுதி இருந்திருந்தா. பிப்ரவரி 10ல விபத்து, ரெண்டு மாசம் நினைவு இல்ல, ஏப்ரல் 20ல வீட்டார் விண்ணப்பிக்கிறாங்கன்னு வைங்க. பழைய விதியில ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணும் வரும். 2027 ஜனவரியில இருந்து விரிவாக்கப் பெரியவங்களுக்கு ஒரே மாசம்தான், மத்தவங்களுக்கு ரெண்டு. அப்போ இவருக்கு மார்ச் மட்டும். பிப்ரவரிதான் ஐசியூல இருந்த மாசம், பெரிய பில் அங்கதான். அது ஆஸ்பத்திரி தலையில. ஆஸ்பத்திரிகள்ல இனிமே தகுதி பார்க்கிற ஊழியர்கள் கூடுதலா வேணும், சனி ஞாயிறு கூட உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பணும். அதுவும் ஒரு நிலைச் செலவுதான்.

இப்போ நிர்வாகக் குழு உட்கார்ந்து எதைக் குறைக்கலாம்னு பார்க்குது. எமர்ஜென்சியை மூட முடியாது, அது இல்லைன்னா ஆஸ்பத்திரியே இல்ல. ஸ்கேன், எலும்பு மருத்துவம் காசு கொண்டு வர்ற பிரிவுகள், தொட மாட்டாங்க. பட்டியல்ல மேல நிக்கிறது பிரசவம், மனநல வார்டு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸ் சேவை. அட்டை போனது கட்டட வேலை பார்க்கிற 45 வயசு ஆளுக்கு. வார்டு போனது உங்களுக்கு. உங்க கம்பெனி அட்டை செல்லும் சகோதரி, நல்லாவே செல்லும், 60 மைல் தள்ளி.

மூடறதும் ஒரே நாள்ல நடக்காது. முதல்ல வதந்தி வரும். ரெண்டு அனுபவசாலி நர்ஸ் வேற ஊருக்கு வேலை தேடிப் போவாங்க. அவங்க இடத்துக்கு ஏஜென்சி நர்ஸ், கூடுதல் கூலி, பதிமூணு வார ஒப்பந்தம். செலவு ஏறுது. டாக்டர் ஒருத்தர் ஓய்வு பெறுவார், மிச்சம் இருக்கிறவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டா ஓடணும், ஒரு வருஷத்துல அவரும் கிளம்புவார். இதைப் பார்த்த கர்ப்பிணிகள் எதுக்கு வம்புன்னு பெரிய ஊருக்குப் போவாங்க, பிரசவ எண்ணிக்கை இன்னும் குறையும். கைப்பழக்கம் குறையும், அது பாதுகாப்புப் பிரச்சினை. கடைசியில அறிவிப்பு வரும்போது "பாதுகாப்பாக நடத்தப் போதிய ஆட்கள் இல்லை"ன்னு இருக்கும். அது பொய் இல்ல. ஆனா ஆட்கள் ஏன் இல்லாம போனாங்கன்னு அதுல இருக்காது.

மூடின பிறகு பிரசவம் நிக்குமா? எமர்ஜென்சி அறையில நடக்கும், பிரசவம் பார்த்துப் பழக்கம் இல்லாத ஆட்கள் கையில. ஆம்புலன்ஸ்ல நடக்கும். பல மாவட்டத்துல ராத்திரி ஓடறது ஒரே ஆம்புலன்ஸ். அது ஒரு கர்ப்பிணியை ஏத்திக்கிட்டு 60 மைல் போய் ஒப்படைச்சுட்டுத் திரும்ப மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல ஊர்ல யாருக்காவது மாரடைப்பு வந்தா? இன்னொண்ணு, ஆம்புலன்ஸுக்குப் பொதுவா நோயாளியை ஏத்திக்கிட்டுப் போனாத்தான் பணம். காத்திருக்கிறதுக்கு இல்ல. காலிப் படுக்கை கதைதான் அங்கயும், சக்கரம் வச்ச படுக்கை.

பல்லு விஷயத்தையும் சொல்லிடறேன், கேள்வியில இல்லைன்னாலும். பெரியவங்களுக்குப் பல் வைத்தியம் கொடுக்கறது மெடிக்கெய்டுல கட்டாயம் இல்ல, மாநிலத்தோட விருப்பம். அதனால பணத் தட்டுப்பாடு வந்தா முதல்ல கத்தி அங்க. கலிஃபோர்னியா 2009 ஜூலையில பெரியவங்களுக்கான பல் வைத்தியத்தைப் பெரும்பாலும் நிறுத்துச்சு. பல்வலி நிக்கல. எமர்ஜென்சிக்கு வந்தாங்க. அங்க பல் டாக்டர் கிடையாது, வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து அனுப்புவாங்க, ரெண்டு வாரத்துல அதே ஆள் திரும்பி வருவார். 2014ல பாதியும் 2018ல மீதியும் திருப்பிக் கொடுத்தாங்க. மேரிலாந்துல 2007ல ஒரு 12 வயசுப் பையன். குடும்பத்தோட மெடிக்கெய்ட் இடையில அறுந்து போயிருந்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். சீழ் மூளைக்குப் போய், ரெண்டு மூளை ஆபரேஷன், வாரக்கணக்கா ஆஸ்பத்திரி, கடைசியில பையன் இறந்துட்டான். ஆஸ்பத்திரிச் செலவு ரெண்டரை லட்சம் டாலர்னு அப்போ செய்தி வந்தது. அங்கயும் வெட்டு விழுந்த இடம் பல் நாற்காலி, செலவு வந்த இடம் மூளை ஆபரேஷன் தியேட்டர்.

சரி, மாநிலப் பணத்துக்கு வர்றேன். இது கொஞ்சம் வறண்ட விஷயம், ஆனா உங்க ஆஸ்பத்திரி சொல்ற காரணத்துல பாதி இங்கதான் இருக்கும். மெடிக்கெய்ட் செலவுல மத்திய அரசு குறைஞ்சது பாதி கொடுக்கும், ஏழை மாநிலங்களுக்கு முக்கால் பங்குக்கு மேல கூட. மாநிலம் தன் பங்கைப் போட்டாத்தான் மத்தியப் பங்கு வரும். தன் பங்கை மாநிலம் எங்கிருந்து எடுக்குது? ஒரு பகுதியை ஆஸ்பத்திரிகள் மேலயே வரி போட்டு எடுக்குது. மத்தியப் பங்கு 60 சதவீதம்னு வைங்க. ஆஸ்பத்திரிகள் 40 டாலர் வரி கட்டுது. மத்திய அரசு 60 சேர்க்குது. 100 டாலர் ஆஸ்பத்திரிகளுக்கே திரும்பிப் போகுது. 40 கொடுத்து 100 வாங்கினாங்க. இது ஒரு கணக்கு வித்தைதான், ஒத்துக்கணும். விமர்சிக்கிறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அலாஸ்கா தவிர எல்லா மாநிலமும் ஏதோ ஒரு வடிவத்துல இதைச் செய்யுது. ஆனா இருபது முப்பது வருஷமா அந்த வித்தைப் பணம்தான் ராத்திரி நர்ஸோட சம்பளமா மாறியிருக்கு. வித்தையை நிறுத்தணும்னா சம்பளத்துக்கு வேற வழி சொல்லணும்.

புதுச் சட்டம் என்ன பண்ணுது? புது வரி போடக் கூடாது, இருக்கிறதை ஏத்தக் கூடாது. இந்த வரிக்கு உச்ச வரம்பு, நோயாளிகள் மூலமா ஆஸ்பத்திரிக்கு வர்ற வருமானத்துல 6 சதவீதம். 2010 சட்டத்துல சேர்ந்த விரிவாக்க மாநிலங்கள்ல அது 2028 நிதியாண்டுல இருந்து வருஷத்துக்கு அரை சதவீதமா இறங்கி 2032ல 3.5 சதவீதம் ஆகும். முதியோர் இல்லங்களுக்கு இந்த இறக்கம் இல்ல. இன்னொரு வகை, மெடிக்கெய்டை நடத்தற இன்சூரன்ஸ் கம்பெனிகளை மாநிலம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூடுதலா கொடுக்க வைக்கிற தொகை. அதுவும் 2028ல இருந்து படிப்படியா இறங்கும், விரிவாக்க மாநிலங்கள்ல மெடிகேர் விலை வரைக்கும். உடனே கேட்பீங்க, 2028ல தானே, இப்பவே ஏன் மூடறாங்கன்னு. பிரசவ டாக்டரை வேலைக்கு எடுத்தா மூணு வருஷ ஒப்பந்தம். தியேட்டர் புதுப்பிக்கக் கடன் கேட்டா வங்கி அஞ்சு வருஷ வருமானக் கணக்குக் கேட்கும். 2028 வருமானம் இன்னைக்கே அந்தத் தாள்ல இருக்கு.

கிராமப்புறத்துக்குன்னு 50 பில்லியன் டாலர் ஒதுக்கியிருக்காங்களேன்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். ஆமா, அஞ்சு வருஷத்துக்கு, வருஷம் 10 பில்லியன். பாதி எல்லா மாநிலத்துக்கும் சமமா. சின்னத் தொகை இல்ல. ஆனா கிராமப்புறத்துல மெடிக்கெய்ட் பணம் பத்து வருஷத்துல 137 பில்லியன் குறையும்னு கே.எஃப்.எஃப். ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. நிதி 2030ல முடியும், வெட்டு அப்போதான் ஆழமாகும். அதோட, நோயாளியைப் பார்த்ததுக்கான கட்டணமாக் கொடுக்க 15 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு விதி. புதுக் கருவி, தொலைமருத்துவம், பயிற்சி, எல்லாத்துக்கும் கிடைக்கும். ராத்திரி நர்ஸுக்குத்தான் கிடைக்கிறது கஷ்டம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியயும் இதே நடை. சமூக சுகாதார மையங்கள் நாடு முழுக்கச் சுமார் 1,400 இருக்கு. அவங்க நோயாளிகள்ல பாதிப் பேர் மெடிக்கெய்ட். அட்டை போனாலும் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானத்துக்கு ஏத்த கட்டணம்தான் வாங்கணும். அதனால கூட்டம் குறையாது, பணம் குறையும். மாலை நேரக் கிளினிக், பல் பிரிவு, மனநல ஆலோசகர், இந்த வரிசையில போகும். முதியவங்களுக்கு முதியோர் இல்லம் கட்டாயச் சேவை, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உணவு கொடுக்கிற உதவியாளர் விருப்பச் சேவை. விலை கம்மியானது விருப்பம், விலை கூடினது கட்டாயம். அதனால மாநிலம் வெட்டும்போது விலை கம்மியானதுதான் முதல்ல போகுது.

இப்போ, சகோதரி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். இது சாக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

லாப நோக்கமில்லா ஆஸ்பத்திரியா இருந்தா, வருஷா வருஷம் வரித் துறைக்குப் படிவம் 990 கொடுக்கணும், அது பொது ஆவணம். ப்ரோபப்ளிகாங்கற செய்தி நிறுவனத்தோட தளத்துல ஆஸ்பத்திரி பேரைப் போட்டுத் தேடினா இலவசமா வரும். வருமானம், செலவு, நிர்வாகிகள் சம்பளம் எல்லாம் இருக்கும். அதுலயே அட்டவணை ஹெச் பாருங்க. இலவச சிகிச்சை எவ்வளவு, மெடிக்கெய்டால இழப்பு எவ்வளவு, வாராக் கடன் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காதீங்க, அஞ்சு வருஷத்தைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. மாவட்டமே நடத்தற ஆஸ்பத்திரின்னா தணிக்கை அறிக்கையும் குழுக் கூட்டக் குறிப்பும் கேட்டு வாங்கலாம். முக்கியமா ஒரு எண்: இன்னைக்கு வருமானம் நின்னா கையில இருக்கிற பணத்துல எத்தனை நாள் ஓடும். 200 நாள் பணம் வச்சுக்கிட்டு வார்டை மூடறவங்க கிட்டக் கேட்க வேண்டிய கேள்வி வேற, 20 நாள் வச்சுக்கிட்டு மூடறவங்க கிட்டக் கேட்க வேண்டிய கேள்வி வேற. பெரிய குழுமத்துக்குச் சொந்தமான ஆஸ்பத்திரின்னா குழுமத்தோட கணக்கையும் பாருங்க. கிளை நஷ்டம், தலைமை லாபம்னு வரலாம். அப்போ சாக்குன்னு நீங்க சொன்னதுல விஷயம் இருக்கு.

அக்கம்பக்கத்துல மெடிக்கெய்ட் வச்சிருக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லுங்க. வீடு மாறினா முகவரியை உடனே மாநில அலுவலகத்துல மாத்தணும். புதுப்பிக்கற படிவம் வந்தா அதுல போட்டிருக்கிற கடைசித் தேதியைப் பாருங்க, வழக்கமா 30 நாளாவது இருக்கும். சம்பளச் சீட்டை மாசா மாசம் போன்ல படம் எடுத்து வைக்கணும், மணிக்கணக்கு தெரியற மாதிரி. நீக்கினாலும் 90 நாளுக்குள்ள படிவம் கொடுத்தா, புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி பரிசீலிப்பாங்க. பில் ஏற்கெனவே வந்துருச்சுன்னா, லாப நோக்கமில்லா ஆஸ்பத்திரி முதல் பில் தேதியில இருந்து 240 நாள் வரைக்கும் உதவி விண்ணப்பத்தை வாங்கியாகணும். முதல் 120 நாளுக்குள்ள வழக்கு, சம்பளப் பிடித்தம் மாதிரி கடுமையான வசூல் பண்ணக் கூடாது. கவுண்டர்ல நிதி உதவிப் படிவம் வேணும்னு கேட்டாக் கொடுக்கணும்.

சில மாநிலங்கள்ல வார்டை மூட முன்னறிவிப்பு கட்டாயம். மசாசூசெட்ஸ்ல 120 நாள், கலிஃபோர்னியாவுல பிரசவ வார்டுக்கு 120 நாள். பொதுக் கூட்டமும் நடக்கும். உங்க மாநிலத்துல கூட்டம் இருந்தா போங்க, ஏன் மூடறீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க. அதுக்குத் தயார்ப் பதில் வச்சிருப்பாங்க. மூணு வருஷத்துப் பிரசவ எண்ணிக்கை, ஏஜென்சி நர்ஸுக்கு ஆன செலவு, கையில எத்தனை நாள் பணம், இதைக் கேளுங்க. மூடின பிறகு எந்த ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம், எமர்ஜென்சி ஆட்களுக்குப் பிரசவப் பயிற்சி எப்போ, அதுக்கு யார் பணம் கொடுக்கறாங்கன்னு கேளுங்க. அப்புறம் மாவட்ட அதிகாரி அங்க இருந்தா அவரைப் பார்த்துக் கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம மாவட்டத்துல எத்தனை ஆம்புலன்ஸ் ஓடுது, அதுல ஒண்ணு 60 மைல் போயிருந்தா மிச்சம் எத்தனைன்னு.